நெத்திலி விமான நிலையம்

வெள்ளிமேட்டுக் குப்பத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது என்பது, செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம் மாவட்டமாகப் பெயர் மாறிய வருஷம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. குப்பத்துக்கும் தெரியாது, விமானங்களுக்கும் தெரியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டினால், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன அரை மைல் நீளச் சிமெண்டுத் தளம் ஒன்று கிடந்தது. அதன் நடுவில் இருநூறு அடிக்குச் சம்பூர்ணமும் இன்னும் ஆறு பெண்களும் நெத்திலி காய வைத்து வந்தார்கள்.

மணலில் காய்ந்த நெத்திலிக்கும் சிமெண்டில் காய்ந்த நெத்திலிக்கும் உள்ள வித்தியாசம் தின்றவர்களுக்குத்தான் தெரியும். மணல் நெத்திலியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் பல்லில் ஒரு நறநறப்பு நிற்கும். சம்பூர்ணத்தின் சரக்கில் அது கிடையாது. அதனால்தான் அணுமின் நிலையத்து ஊழியர்கள் இருக்கும் அணுபுரம் குடியிருப்பில், அணுவைப் பற்றி எல்லாம் தெரிந்த வீட்டுக்காரர்கள்கூட, கூடை வந்த சத்தம் கேட்டதும் "சிமெண்டு நெத்திலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். கடல் சீறி அவள் புருஷன் சடையன் கரையில் உட்கார்ந்துவிடுகிற மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தச் சிமெண்டால்தான்.

மாவட்டத்தைப் பிரித்தபோது ஃபைல்களையும் பிரிக்க வேண்டி வந்தது. வான்தள நிர்வாக வாரியத்தின் சென்னை அலுவலகத்தில், எது எந்த மாவட்டம் என்று பார்க்கக் கட்டுகளை அவிழ்த்தார்கள். அடியிலிருந்து ஒரு ஃபைல் விழுந்தது. 1943-ல் வெள்ளிமேட்டில் விமான நிலையம் திறக்கப்பட்டதாக அதில் உத்தரவு இருந்தது. மூடப்பட்டதாக உத்தரவு இல்லை. மூட உத்தரவு இல்லாத எதுவும் வாரியத்தைப் பொறுத்தவரை திறந்திருக்கிறது என்றே அர்த்தம். ஐம்பத்து நாலு வருஷமாகத் திறந்து கிடக்கிற நிலையத்தை இப்படிக் கவனிக்காமல் விட்டோமே என்று வாரியம் பதறிப்போய், முதல் வேலையாக ஒரு நோட்டீஸ் அனுப்பியது.

நோட்டீஸைக் கொண்டுவந்த பியூன் அதைச் சம்பூர்ணத்தின் கையில் கொடுத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். ஐந்தாவது வரைக்கும் படித்த சடையன் அதை எழுத்துக் கூட்டி வாசித்தான். ஓடுபாதையில் அனுமதியின்றி விமானம் நிறுத்தியிருப்பவர்களுக்காக அச்சடித்த பாரம் அது. வாரியத்திடம் வேறு பாரம் இல்லை. ஆகவே யாரோ ஒரு குமாஸ்தா கோடிட்ட இடங்களை மனசாட்சியோடு நிரப்பியிருந்தார். விமானத்தின் வகை: நெத்திலி. இருக்கைகளின் எண்ணிக்கை: தெரியவில்லை. மேற்படி விமானத்தை உரிமையாளர் பொங்கலுக்குள் அகற்றாவிட்டால் பறிமுதல் செய்யப்படும்.

"இன்னாய்யா சொல்றான்?" என்றாள் சம்பூர்ணம்.

"உன் ஏரோப்ளேனை எடுத்துக்கினு போவச் சொல்றான்."

"நம்ம கையில ஏது ஏரோப்ளேனு?"

"அதான் எனுக்கும் தெர்ல. ஆனா கவர்மெண்டு பொய் சொல்லாதே" என்றான் சடையன், சீரியஸாக.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் பரணிதரன் வந்து இறங்கினார். விமான நிலைய அதிகாரி, இரண்டாம் நிலை. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப்பை ஒன்று, அதை மாட்டுவதற்குக் கம்பம், விதிமுறைப் புத்தகம், ஒலிபெருக்கி. நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். பதினோரு வருஷமாக வடகிழக்கு மலைகளில் பனியில் வேலை பார்த்தவர். மனைவி சகுந்தலா செங்கல்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுவதற்கு, வாரியத்தின் வரைபடத்தில் புதிதாக முளைத்த இந்த நிலையத்தைத்தான் கடவுள் அனுப்பியதாக அவர் நினைத்திருந்தார். வந்து பார்த்தால் கடவுள் நெத்திலியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

"அம்மா, இது ஓடுபாதை. இங்கே காய வைக்கக் கூடாது" என்றார்.

"யாரு ஓடறா சார் இதுல? நாயி ஓடுது, அதையும் நாங்கதான் தொரத்தறோம்."

"விமானம் வந்தால்?"

"வந்தாக்கா எடுத்துக்கறோம். எப்ப வருது?"

பரணிதரன் துணிப்பையைக் கம்பத்தில் மாட்டத் தொடங்கினார். எப்போது வரும் என்று வாரியத்துக்கே தெரியாது. வருகிறதா என்று கேட்கும் வழக்கமும் இல்லை. மாசக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு அதற்கு 'முனையம்' என்று பெயர்ப்பலகை மாட்டினார்.

மாசக் கடைசியில் அவருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நிலையமும் மாதாந்திர அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். மூடினால் பரணிதரன் மறுபடி பனிக்குப் போக வேண்டும். கொட்டகை வாசலில் உட்கார்ந்து அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முணுமுணுப்பதைச் சம்பூர்ணம் பார்த்தாள். காலி செய்யச் சொன்ன மனுஷன் என்று கோபம் இருந்தாலும், முகம் வாடின ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா போக அவளுக்கு வராது.

"இன்னா சார், ஒடம்பு சொகமில்லியா?"

"வந்த விமானம், இல்லை. ஏறின பயணி, இல்லை. இறங்கின பயணி, இல்லை. கையாண்ட சரக்கு..." என்று வாசித்து, இல்லை என்று எழுதப் பேனாவை வைத்தார்.

"நில்லு சார். சரக்கு இல்லேன்னு எப்டி சொல்றே? காலம்பற ஏயு மணிக்கி எறக்கறோம். சாய்ங்காலம் நாலு மணிக்கி ஏத்தறோம். இந்த மாசம் மட்டும் அறுநூறு கிலோ போயிருக்கும். அது சரக்கு இல்லாம இன்னா?"

பரணிதரன் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். சரக்கு என்றால் நிலைய எல்லைக்குள் வந்து, தங்கி, வெளியே போகிற எந்தப் பொருளும் என்று போட்டிருந்தது. விமானத்தில்தான் வந்து போக வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. புத்தகம் எழுதினவருக்கு அப்படிப் போடத் தோன்றியிருக்காது, பாவம். பொய்யும் சொல்லாமல் பூஜ்யமும் போடாமல் ஒரு வழி கிடைத்ததில் பரணிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அறுநூறு என்று எழுதினார். காலி செய்கிற பேச்சு அன்றோடு நின்றது.

வாரியத்தில் விமானப் பிரிவு நாலாவது மாடி, சரக்குப் பிரிவு இரண்டாவது மாடி. அறிக்கையை இரண்டாக வெட்டி, மேல் பாதியை மேலேயும் கீழ்ப் பாதியைக் கீழேயும் அனுப்புவார்கள். மேல் பாதியைப் பார்த்த விமானப் பிரிவு, விமானம் வராத இடத்தில் தனக்கு வேலையில்லை என்று ஓரமாக வைத்துவிட்டது. கீழ்ப் பாதியைப் பார்த்த சரக்குப் பிரிவு அசந்து போனது. மாசியில் எண்ணூறு கிலோ. பங்குனியில் நெத்திலி அள்ளிக்கொண்டு வந்த நேரம், இரண்டாயிரத்து நூறு. தெற்கு மண்டலத்தில் இப்படி வளர்ந்த நிலையம் வேறு கிடையாது. சுவரில் வரைபடம் ஒட்டி, வெள்ளிமேட்டுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டார்கள். கோடு தாளைத் தாண்டிச் சுவரில் ஏறியது.

இவ்வளவு சரக்கு போகிற இடத்தில் பாதுகாப்பு வேண்டாமா? கையில் பிடித்துச் சோதிக்கிற மெட்டல் டிடெக்டர் ஒன்று வந்தது. மறுநாள் காலை ஏழு பெண்களும் கொட்டகை வாசலில் வரிசையில் நின்றார்கள். சம்பூர்ணத்தின் அலுமினிய அன்னக்கூடைமேல் பரணிதரன் கருவியை வைத்தார். அது கத்தியது. ரிஜிஸ்டரில், 'ஒலித்தது, விசாரித்ததில் கூடை' என்று எழுதினார். அடுத்தது வேண்டா என்பவளின் கூடை. அதுவும் கத்தியது. அதையும் விசாரித்தார். ஏழு கூடையையும் விசாரித்து முடிப்பதற்குள் வெயில் ஏறி, மீன் நாறத் தொடங்கிவிட்டது. வேண்டா பெரிய வாய்க்காரி. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. மறுநாளிலிருந்து எல்லோரும் பனையோலைக் கூடைக்கு மாறினார்கள். கருவி கத்துவதை நிறுத்தியது. கருவி கெட்டுவிட்டதா என்று வாரியம் விளக்கம் கேட்டது.

சம்பூர்ணத்துக்குச் சரக்கு முகவர் என்று அடையாள அட்டை வந்தது. விண்ணப்பத்தில் 'சரக்கை எடுத்துச் செல்லும் வாகனம்' என்ற இடத்தில் பரணிதரன் நன்றாக யோசித்து, 'தலை' என்று எழுதினார். 'வாகனத்தின் தகுதிச் சான்று எங்கே?' என்று திருப்பி அனுப்பினார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைக்குச் சான்றிதழ் வாங்கி இணைத்த பிறகே அட்டை கிடைத்தது. சரக்கு நகரும் முன் மூன்று மொழியில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு, "அணுபுரம் செல்லும் நெத்திலி புறப்படத் தயாராக உள்ளது" என்று பரணிதரன் தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் சொல்வார். சம்பூர்ணம் அதுவரை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பாள். இந்தி முடிவதற்குள் அவள் பஸ் போய்விடும்.

ஒரு நல்லதும் நடந்தது. பறவைகளால் விமானத்துக்கு ஆபத்து என்று, காக்கா விரட்ட இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்துப் போட்டார்கள். அவர்கள் தகரம் தட்டியே ஒரு காக்காயைக்கூட அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். சம்பூர்ணத்துக்கு இதுவரை காக்காய்க்குப் போய்க்கொண்டிருந்த பங்கு மிச்சம். அதனால் அட்டையையும் அறிவிப்பையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

சித்திரையில் மண்டல இயக்குநர் ரவிச்சந்திரன் நேரில் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதுமே, "ஆஹா, என்ன ஒரு வாசனை!" என்றார். நாற்றம் என்று அவர் முகம் சொன்னது, ஆனால் பதவி அப்படிச் சொல்ல விடவில்லை. வாழை மரம் கட்டி, பந்தல் போட்டு, நாற்காலி போட்டிருந்தார்கள். மைக் பிடித்தார்.

"உங்களுக்கு ஓர் உண்மை சொல்கிறேன். இருபத்தெட்டு வருட சர்வீஸில் நான் கண்டது. ஒரு விமான நிலையத்துக்கு இருக்கிற பெரிய தொல்லை எது? விமானம்தான்! விமானம் வந்தால் பயணிகள் வருகிறார்கள். பயணிகள் வந்தால் பெட்டி தொலைகிறது. பெட்டி தொலைந்தால் பாராளுமன்றத்தில் கேள்வி வருகிறது. இங்கே பாருங்கள். ஒரு தாமதம் உண்டா? ஒரு புகார் உண்டா? ஒரு பெட்டி தொலைந்ததா? விமானத்தை நம்பி விமான நிலையம் நடத்திய காலம் போய்விட்டது. வெள்ளிமேடு நமக்கு வழி காட்டுகிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். சம்பூர்ணத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சித்திரை வெயிலில் அது ஒரு தண்டனை, ஆனாலும் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் இயக்குநர் அடுத்ததைச் சொன்னார்.

"ஆனால் ஒன்று என் மனதை உறுத்துகிறது. இவ்வளவு அருமையான சரக்கு வெட்ட வெளியில், வெயிலில் கிடக்கிறது. வாரியத்துக்கு இது அவமானம். ஆகவே இந்த இருநூறு அடிக்கும் ஓடுபாதைக்கு மேல் கூரை போட உத்தரவிடுகிறேன். ஒரு பொட்டு வெயில் உள்ளே வராது!"

மறுபடி கைதட்டல். சம்பூர்ணம் மட்டும் தட்டவில்லை. பொன்னாடையை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

"சார், கூரை வேணாம் சார். வெயிலு ஓணும்."

"பயப்படாதே அம்மா. உனக்குச் செலவு இல்லை."

"செலவுக்குச் சொல்லல சார். நெத்திலி காயறதே வெயில்லதான். கூரை போட்டாக்கா அழுவிப் பூடும். நாங்க ஏயு குடும்பம் கீறோம் சார் இத்த நம்பிகினு."

இயக்குநர் பரிவோடு தலையாட்டினார். "புரிகிறது. ஆனால் வெயில் எங்கள் துறையில் இல்லையே. அது வானிலைத் துறை."

நோட்டீஸ் விட்டுத் துரத்தியபோது சம்பூர்ணம் அழவில்லை. பாராட்டிப் பொன்னாடை போர்த்தி வயிற்றில் அடித்த அன்றைக்கு அழுதாள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் அழுதாள். கூரை வந்துவிட்டால் மறுபடி மணலுக்குப் போக வேண்டும். மணல் நெத்திலியை எடுத்துக்கொண்டு அணுபுரத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? பரணிதரன் மட்டும் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நான் எழுதிப் பார்க்கிறேன் அம்மா" என்றார்.

"எயுதி எயுதித்தான் சார் இம்மாம் பேஜாரு" என்றாள் அவள். அதில் தப்பு இருந்ததாகப் பரணிதரனுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எழுதினார். கூரை வேண்டாம் என்று எழுத வாரியத்தில் பாரம் இல்லை. இருந்த ஒரே பாரத்தில், 'கூரை விரைவாக வேண்டும், மிக விரைவாக வேண்டும், எது பொருந்தாதோ அதை அடிக்கவும்' என்று இருந்தது. பரணிதரன் இரண்டையும் அடித்து அனுப்பினார். பாரம் செல்லாது என்று திரும்பி வந்தது.

கூரை வேலை தொடங்கியது. தளத்தின் இரண்டு ஓரத்திலும் குழி தோண்டினார்கள். லாரியில் இரும்புத் தூண்கள் வந்து இறங்கின. திங்கட்கிழமை நட்டுவிடுவோம் என்றார் மேஸ்திரி. அதற்கு முந்தின வியாழக்கிழமை சம்பூர்ணமும் மற்றவர்களும் இருக்கிற மீனையெல்லாம் பழைய வலைகளின்மேல் பரப்பியிருந்தார்கள். இதுதான் கடைசிக் காய்ச்சல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினோரு மணி வாக்கில் வானத்தில் ஒரு சத்தம் கேட்டது. முட்டுக்காடு பக்கமிருந்து ஒரு குட்டி விமானம் தாழ்வாக வந்துகொண்டிருந்தது. வருவதும், சத்தம் நிற்பதும், மறுபடி கனைத்துக்கொண்டு கிளம்புவதுமாக இருந்தது.

வலை தைத்துக்கொண்டிருந்த சடையன் நிமிர்ந்து பார்த்தான். "இன்ஜினு இருமுதுடி. தண்ணி கலந்த டீசலு போட்டா நம்ம போட்டு இப்டித்தான் இருமும். ரொம்ப தூரம் போவாது."

பரணிதரன் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். நிலைய அதிகாரியாகி நாலு மாதத்தில் அவர் பார்க்கும் முதல் விமானம். விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தார். "எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்னால் எழுத்து மூலமாக அனுமதி... மூன்று பிரதிகள்..." என்று வாசித்தார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து, "இங்கே இறங்க அனுமதி இல்லை!" என்று தமிழில் சொன்னார். இந்தியில் சொல்ல வாயெடுப்பதற்குள் சம்பூர்ணம் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டாள்.

"யோவ் சார்! மேல கீறது எந்த வூட்டுப் புள்ளயோ! எறங்கட்டும்யா! ஏ வேண்டா, வலயைப் புடி! கரைவலை இஸ்க்கற மாரி ரெண்டு பக்கமும் புடிச்சி இஸ்துடுங்கடி!"

கரைவலை இழுத்துப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம். வலையின் ஓரத்தைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தார்கள். நெத்திலி குவியல் குவியலாக வலைக்குள் புரண்டு தளத்தைவிட்டு மணலுக்கு நகர்ந்தது. காக்கா விரட்டுகிறவர்களும் தகரத்தைப் போட்டுவிட்டுப் பிடித்தார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்து வலை கோணியது. பரணிதரன் ஒரு கணம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் வலையைப் பிடித்து இழுத்தார்.

சடையன் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு சம்பூர்ணம் தளத்தின் கோடிக்கு ஓடினாள். கடல் சீறுகிற நாளில் படகு கரை சேர வேண்டுமானால், கரையில் நிற்பவர்கள்தான் அலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். துணியைத் தாழ்த்திப் பிடித்தால் நில் என்று அர்த்தம். தலைக்கு மேலே சுழற்றினால், அலை ஓய்ந்தது, வா என்று அர்த்தம். சடையனை இப்படி எத்தனை தடவை கரை சேர்த்திருக்கிறாள். வலை முழுக்க நகரும்வரை துண்டைத் தாழ்த்திப் பிடித்தாள். விமானம் ஒரு வட்டம் அடித்தது. கடைசி வலையும் நகர்ந்ததும் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினாள்.

விமானம் இறங்கியது. தட்டித் தட்டி ஓடி, இரண்டு ஓரத்திலும் கிடந்த இரும்புத் தூண்களுக்கு நடுவே புகுந்து, வலை கோணியபோது தளத்திலேயே கொட்டிவிட்ட ஒரு குவியல்மேல் ஏறி நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஜெஸ்ஸி என்று பெயர். சென்னையில் பறக்கும் சங்கம் ஒன்றில் விமானம் ஓட்டப் படிக்கிறவள். இருபது வயதுகூட இருக்காது. சம்பூர்ணத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சம்பூர்ணமும் அழுதாள். வேண்டா இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாரிய வரலாற்றில் ஒரு பயணிக்கு இறங்கிய இரண்டே நிமிஷத்தில் மோர் கிடைத்தது இதுவே முதல் தடவை.

சனிக்கிழமை விசாரணை நடந்தது. ரவிச்சந்திரன் தலைமை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"விமான நிலையத்தில் விமானம் எப்படி இறங்கியது?" என்று பரணிதரனைக் கேட்டார்.

"மேலேயிருந்து, சார்."

"உங்கள் பணிக்காலத்தில் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தீர்களா?"

"இல்லை சார். வாரியத்தில் இருந்துகொண்டு எப்படி எதிர்பார்ப்பேன்?"

அடுத்து ஜெஸ்ஸி. "இங்கே ஒரு விமான நிலையம் இருப்பது தெரிந்துதான் இறங்கினாயா?"

"இல்ல சார். மேலேர்ந்து பார்த்தப்ப கருவாடு காயப்போடுற இடம்னுதான் நினைச்சேன்."

"அது சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஏன் இறங்கினாய்?"

"உயிர் போயிடும்னு சார்" என்றாள்.

"உன் உயிரை மட்டும் யோசித்தாய். முப்பத்தெட்டு கிலோ சரக்கு நசுங்கியிருக்கிறது, தெரியுமா?"

எழுந்து பேச அனுமதி கேட்காமலே சம்பூர்ணம் எழுந்தாள். "சார், நசுங்குனது என் சரக்கு. நா பொறுத்துக்கறேன். அந்தப் பொண்ண வுட்டுடு."

"அம்மா, நீ பொறுத்துக்கொள்ளலாம். பாரம் பொறுத்துக்கொள்ளாது" என்றார் ரவிச்சந்திரன். அவர் சொன்னதிலேயே சத்தியமான வார்த்தை அது.

அந்த மாத அறிக்கையில் பரணிதரன், வந்த விமானம் என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினார். வழக்கம்போல அறிக்கையை இரண்டாக வெட்டினார்கள். மேல் பாதி நாலாவது மாடிக்குப் போனதும் விமானப் பிரிவு விழித்துக்கொண்டது. விமானம் இறங்குகிற ஓடுபாதைக்கு மேல் கூரையா? எவன் சொன்னான்? விதியைக் காட்டி, தூண்களை உடனே அகற்ற உத்தரவு தயாரித்தது. இரண்டாவது மாடியில் சரக்குப் பிரிவும் சும்மா இருக்கவில்லை. தெற்கு மண்டலத்தின் பெருமையான சரக்கு நிலையத்தில் விமானம் புகுந்து சேதம் விளைவித்திருக்கிறது. இனி வெள்ளிமேட்டுக்குள் எந்த விமானமும் வரவோ போகவோ கூடாது என்று அது ஓர் உத்தரவு தயாரித்தது. இரண்டும் ஒரே நாளில் ரவிச்சந்திரனின் மேஜைக்கு வந்தன. மேஜைக்கு வந்ததைக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவர் வழக்கம். இரண்டிலும் போட்டார்.

தூண்கள் லாரி ஏறிப் போயின. குழியை மண்ணால் மூடினார்கள். சவுக்குத் தோப்பு ஓரத்தில் பெரிய பலகை ஒன்று வந்தது: 'வான்தள நிர்வாக வாரியம். வெள்ளிமேடு விமான நிலையம். விமானங்கள் உள்ளே வரக் கூடாது.' சடையன் எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னான். சம்பூர்ணம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு வேகமாக வீட்டுக்குப் போய் வலையை எடுத்து வந்து விரித்தாள்.

வந்த விமானம்தான் பாக்கி. இன்ஜினைப் பழுது பார்த்தும் அதைக் கிளப்ப முடியவில்லை. விமானம் போகக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே. பறக்கும் சங்கத்துக்காரர்கள் மூன்று மாதம் அலைந்துவிட்டு, இன்ஷூரன்ஸ் பணத்தில் புது விமானம் வாங்கிக்கொண்டார்கள். "அந்த இருமல் கேஸ் எனக்கு வேணாம் அக்கா, நீங்களே வச்சுக்கோங்க" என்று ஜெஸ்ஸி சொல்லிவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். விமானம் தளத்தின் ஓரத்தில் நின்றது. அதன் றெக்கைகள் ஆள் உயரத்தில், நல்ல தகடு. நாய் எட்டாது, மணல் பறந்து விழாது, கீழேயும் சூடு மேலேயும் சூடு. அரை நாளில் நெத்திலி சலசலவென்று காய்ந்துவிடும். அணுபுரத்தில் இப்போது சிமெண்டு நெத்திலி என்று யாரும் கேட்பதில்லை. "றெக்கை நெத்திலி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை கொட்டி விட்ட மறுநாள், ரவிச்சந்திரன் ஜீப்பில் வந்தார். தணிக்கைக்காரர்கள் கேள்வி கேட்டுவிட்டார்கள். விமானம் வரக்கூடாத இடத்தில் விமானம் நிற்கிறதே, எப்படி? அதை விமானமாக அனுப்ப வழியில்லை. ஆகவே சரக்காக அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. அதற்கு நிலையத்தின் ஒரே சரக்கு முகவர் சான்று தர வேண்டும்.

"வாம்மா சம்பூர்ணம். ஒரு கைநாட்டு வைத்தால் போதும்" என்றார்.

"இன்னா எயுதியிருக்குன்னு படிச்சிக் காட்டு சார்" என்றாள் பரணிதரனிடம்.

வெள்ளிமேட்டுக்கென்றே வாரியம் அச்சடித்த பாரம் அது. பரணிதரன் வாசித்தார். "சரக்கின் பெயர்: விமானம். கூடைகளின் எண்ணிக்கை: ஒன்று. உப்பு சேர்த்ததா: இல்லை. நன்றாக உலர்ந்ததா: இதை மட்டும் முகவர் தொட்டுப் பார்த்துச் சான்று தர வேண்டும். உலராத சரக்கை எக்காரணத்தைக் கொண்டும் நிலையத்தை விட்டு அனுப்பக் கூடாது."

சம்பூர்ணம் விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இறக்கையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். சக்கரத்தை முகர்ந்துகூடப் பார்த்தாள். சரக்கு விஷயத்தில் அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்று அணுபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"ஈரம் கீது சார்."

ரவிச்சந்திரன் பரணிதரனைப் பார்த்தார். பரணிதரன் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தார்.

"விதி அப்படித்தான் சார் இருக்கு" என்றார், மிகவும் பணிவாக.

"எப்போது உலரும்?" என்று இயக்குநர் கேட்டார்.

"சேந்தாப்ல ரெண்டு நல்ல வெயிலு வாங்கணும் சார். ஐப்பசி மாசம், எப்ப அடிக்கும்னு நா இன்னா சொல்றது? அது நம்ம டிபார்ட்மெண்டு இல்லியே."

இயக்குநர் பாரத்தில் 'ஈரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் சவுக்குத் தோப்பைத் தாண்டியது. மேகம் விலகிப் பளிச்சென்று வெயில் அடிக்கத் தொடங்கியது. சம்பூர்ணம் முந்தானையால் இறக்கையை நன்றாகத் துடைத்தாள்.

"வேண்டா, கூடையை எடுத்துக்கினு வா. எடது பக்க றெக்க காலியாத்தான் கீது" என்றாள்.